மிஸ்டர் பார்ஸ்லோ செத்துப்போன வெள்ளிக்கிழமை

என் கணவர் மோரிஸ் பில்லிங்கை இங்கிலாந்தில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாதிப் பேரில் ஒருவருக்கும் அவர் பெயர் மோரிஸ் பில்லிங் என்று தெரியாது. கடைத்தெருவில், பஸ்ஸில், பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும்போதுகூட அவர் மிஸ்டர் பார்ஸ்லோதான்.

நாங்கள் ஓல்ட்ஹாம்காரர்கள். மோரிஸ் பகலில் வீடு வீடாகப் போய் கேஸ் அடுப்பும், குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் பாய்லரும் பொருத்துவார். சாயங்காலம் ஊர் நாடகக் குழுவில் நடிப்பார். ராஜா வேஷத்தின் மேல் அவருக்கு ஒரு கண். முகம்தான் ஒத்துழைக்கவில்லை. நீளமான குதிரை முகம், இரண்டு பக்கமும் கோப்பைக் கைப்பிடி மாதிரிக் காது, யாரோ இப்போதுதான் காலை மிதித்துவிட்டுப் போன மாதிரி ஒரு பார்வை. ஒரு சோக நாடகத்தில், ராணி இறந்த செய்தியைக் கொண்டுவரும் தூதனாக அவரைப் போட்டார்கள். மேடைக்கு வந்து மண்டியிட்டு, "அரசே" என்றார். அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறப்பதற்குள், கடைசி வரிசையில் ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். அந்தப் பெண் நான்தான். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போய்த்தான் எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் அவருக்குத் தொலைக்காட்சியில் இடம் கிடைத்தது. பெரில் கோல்ட்ரிக் என்று லண்டனில் ஒரு ஏஜென்ட் அம்மாள், ஒரு சிகரெட் அணைவதற்குள் அடுத்ததைப் பற்றவைப்பவர், அவர்தான் வாங்கிக்கொடுத்தார். தொடரின் பெயர் 'மூன்றாம் மாடியில் வெந்நீர் இல்லை'. பிளாக்பூல் கடற்கரையில் ஒரு தங்கும் விடுதி, அதை நடத்தும் ஒரு ராட்சசி, அங்கே பதினொரு வருடமாக நகராமல் தங்கியிருக்கும் ஒரு கிழட்டுப் பிரம்மச்சாரி. அந்தப் பிரம்மச்சாரிதான் மிஸ்டர் பார்ஸ்லோ. முதல் வாரம் மோரிஸுக்கு ஒரே ஒரு வசனம். எல்லோரும் கடற்கரைக்கு நடக்கலாமா என்று விடுதிக்காரி கேட்பாள். மிஸ்டர் பார்ஸ்லோ அவித்த முட்டையைத் தட்டிக்கொண்டே சொல்லவேண்டும்:

"எனக்குச் சம்மதம்தான். என் முதுகைத்தான் கேக்கணும்."

ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில், பின்னால் செட்டு ஏதோ சரிந்து விழுந்துவிட்டது என்று நினைத்து கேமராக்காரர் திரும்பிப் பார்த்தாராம். அடுத்த வாரமும் அந்த வசனத்தை வைத்தார்கள். அதற்கடுத்த வாரமும். ஏழு வருடம் வைத்தார்கள்.

மோரிஸுக்கு அதில் சந்தோஷமே இல்லை. "இருபது வருஷம் நடிப்பு கத்துக்கிட்டேன் மேவிஸ். கடைசியில முதுகுதான் பேர் வாங்குது," என்பார். என் அம்மாவின் அடக்கத்தின்போது பெட்டியைத் தூக்கக் குனிந்தார். பின்னால் நின்ற என் மாமா, "முதுகைக் கேட்டியாப்பா?" என்று கிசுகிசுத்துவிட்டார். தூக்கிய ஆறு பேரும் குலுங்கியதில் அம்மா கல்லறைவரை ஆடி ஆடித்தான் போனாள். பாதிரியார் அவர்கள் அழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, எங்கள் குடும்பத்தின் பாசத்தைப் பற்றி அடுத்த ஞாயிறு பிரசங்கம் செய்தார்.

எழுபத்தாறில் சினிமாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. போர்ப் படம். மூழ்கும் கப்பலை விட்டு இறங்க மறுத்து அதோடு கடலுக்குள் போகும் கேப்டன் வேடம். ஒரே காட்சிதான், ஆனால் அதில் ஒரு சிரிப்பும் கிடையாது. மோரிஸ் கடிதத்தை மூன்று முறை படித்தார். பிறகு என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அடுத்த நாளே ரயிலேறி, தொடரின் தயாரிப்பாளர் ஹம்ஃப்ரி ஸ்டானிங்கைப் பார்க்கப் போனார். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி டையும் கையில் பாதி கடித்த ஆப்பிளுமாகத் திரியும் பெரிய இடத்துப் பிள்ளை அவர்.

"ஆறு வாரம் லீவா? தாராளமா போயிட்டு வாங்க மோரிஸ்," என்றாராம். "நாங்க ஏதாவது வழி பண்ணிக்கறோம்."

வழி பண்ணினார். அது என்ன வழி என்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மடியில் தட்டை வைத்துக்கொண்டு டிவி பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. விடுதிக்காரி தலைவிரிகோலமாகப் படியிறங்கி வருகிறாள். இத்தனை வருடத்தில் முதன்முறையாக மூன்றாம் மாடியில் வெந்நீர் வந்திருக்கிறது. மிஸ்டர் பார்ஸ்லோ அந்த ஆனந்தத்தில் துள்ளிக் குதித்திருக்கிறார். கீழே சோப்பு கிடந்திருக்கிறது.

மோரிஸின் வாய் பாதி மெல்லலில் நின்றது.

"நான் செத்துட்டேன் மேவிஸ்," என்றார்.

"டீ ஆறுது, குடி," என்றேன்.

மறுநாள் காலை வாசலில் ஒரே ஒரு பால் பாட்டில்தான் இருந்தது. எங்களுக்குத் தினம் இரண்டு. மோரிஸ் வீட்டுச் செருப்போடு தெருமுனைவரை ஓடி பால்காரரைப் பிடித்தார்.

"ஒண்ணு குறையுதேப்பா."

"வீட்டுல ஒரு ஆள் குறைஞ்சா பாலும் குறையணுமில்ல, நான் வேற அந்தம்மாவை எழுப்பி அதைப் போயி கேக்கணுமான்னு..." பால்காரர் பேசப் பேச அவருக்கே விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "என்ன இருந்தாலும் மனசு கேக்கலைங்க மிஸ்டர் பார்ஸ்லோ."

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு மிஸஸ் ஓலரன்ஷா இறைச்சி வைத்துச் சுட்ட ஒரு பலகாரத்தைத் துணி போட்டு மூடிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்தது மோரிஸ்.

"மேவிஸ் எப்படித் தாங்கிக்கறா?" என்று அவரிடமே கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கா."

"மேலுக்கு அப்படித்தான் இருப்பா. நீங்கதான் பக்கத்துல இருந்து தைரியம் சொல்லணும்." அவர் கையில் தட்டைக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நல்ல பலகாரம். மூன்று நாள் சாப்பிட்டோம்.

கடிதங்கள் மூட்டையாக வந்தன. மலர்வளையங்கள் வந்தன. மிஸ்டர் பார்ஸ்லோ கட்டைப் பிரம்மச்சாரி என்பதை மறந்துவிட்டு, 'திருமதி பார்ஸ்லோ அவர்களுக்கு' என்று எனக்கு எழுதியவர்களே நூறு பேர் இருப்பார்கள். கிரிம்ஸ்பியிலிருந்து மனைவியை இழந்த ஒரு மீன் வியாபாரி, துக்கம் ஆறியதும் தன்னை மணந்துகொள்ள முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். தரைத்தள வீடாம், மாடிப்படியே கிடையாதாம், வெந்நீருக்குப் பஞ்சமில்லையாம். மோரிஸ் அதைப் படித்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார்.

"படி கிடையாதாம்," என்றார் கடைசியில். "கெட்ட இடம்னு சொல்ல முடியாது."

அந்த மூட்டையில் இன்னொரு கடிதமும் இருந்தது. ஹல் நகரத்திலிருந்து ஐவி ஸ்டோன்ஹவுஸ் என்ற அம்மாள் எழுதியது. வியாழக்கிழமை அவர் கணவர் வால்ட்டர் இறந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மிஸ்டர் பார்ஸ்லோ. "துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் உங்களைப் பற்றியே பேசிவிட்டுப் போனார்கள். எனக்கு உங்கள் மேல் கோபம். ஆனால் வால்ட்டர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகச் சிரித்ததும் உங்களைப் பார்த்துத்தான். அதனால் கோபப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. தெரிந்தால் எழுதவும்." மோரிஸ் பதில் எழுத இரண்டு நாள் உட்கார்ந்தார். நாலைந்து தாளைக் கிழித்துப் போட்டார். பிறகு படப்பிடிப்புக்கு நாள் வந்துவிட்டது. கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்தார்.

படத்துக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மாதக்கணக்கில் எங்கள் மாடிப்படி வளைவுதான் கப்பலின் மேல்தளம். நான் துணிக்கூடையோடு ஏறினால் சல்யூட் அடிப்பார், நானும் அடித்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும். படம் முடிந்து மான்செஸ்டரில் ஒரு தியேட்டரில் பொதுமக்களுக்கு முன்னோட்டமாகப் போட்டுக் காட்டினார்கள். இயக்குநர் ஜூலியன் ஃபேர்பிராஸ் எங்களுக்கு முன் வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம் ஜனங்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். புகை விலகுகிறது. கப்பலின் மேல்தளத்தில் கேப்டன் தனியாக நிற்கிறார். முழங்காலுக்குத் தண்ணீர். மோரிஸ் உண்மையாகவே நன்றாக நடித்திருந்தார்.

"அடப்பாவி, நீ சாகலையா?" என்று பால்கனியிலிருந்து ஒரு குரல்.

அரங்கமே எழுந்துவிட்டது. கிண்டல் இல்லை, நிஜமான மகிழ்ச்சி. மிஸ்டர் பார்ஸ்லோ உயிரோடு இருக்கிறார் என்று ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். தண்ணீர் இடுப்புக்கு ஏறியபோது, "ஐயோ, முதுகுக்கு ஆகாதே," என்று ஒரு பெண்மணி உரக்கக் கவலைப்பட்டார். கேப்டன் மூழ்கியதும் கைதட்டல் அடங்க நாலு நிமிஷம் ஆனது. அதற்குள் படத்தில் ஒரு போரே முடிந்திருந்தது.

ஜூலியன் வெளியே வந்து மோரிஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல சார்," என்றார். அவருக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. மோரிஸ்தான் அவரைத் தேற்றினார்.

படம் வெளியானபோது, வெட்டியதுபோக கேப்டன் நாலு வினாடிதான் வந்தார். அதுவும் பின்பக்கமிருந்து. முகமே கிடையாது. லண்டன் பத்திரிகை ஒன்றில் விமர்சகர் ஒருவர், கேப்டனாக வருபவரின் முதுகில் அபூர்வமான கம்பீரம் தெரிகிறது என்று எழுதியிருந்தார். மோரிஸ் அதைக் கத்தரித்து வைக்கவில்லை. நான் வைத்திருக்கிறேன்.

பிறகு வேலை வரவில்லை. பெரில் போனில் வந்து உண்மையை உடைத்தார். "டார்லிங், உன்னை எல்லாருக்கும் பிடிக்கும். ஆனா கூப்பிடத்தான் ஆளில்ல. பார்ஸ்லோதான் செத்துட்டாரே, திடீர்னு போலீஸ்காரரா வந்து நின்னா ஜனங்க குழம்பிடுவாங்களேன்னு சொல்றாங்க."

"நான் சாகலை பெரில்."

"எனக்குத் தெரியும் டார்லிங். பதினாலு மில்லியன் பேருக்குத் தெரியாதே."

ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்தார். ஒழுகாத குழாயையெல்லாம் பிரித்து மாட்டினார். பிப்ரவரியில் ஒருநாள் ஸ்குருடிரைவர் தேடி மேஜை இழுப்பறையைத் திறந்தவர், ஐவி ஸ்டோன்ஹவுஸின் கடிதத்தோடு சமையலறைக்கு வந்து நின்றார்.

"இதுக்கு நான் பதிலே போடலை மேவிஸ்."

"இப்ப போடு."

"என்ன எழுதறதுன்னு இன்னும் தெரியலையே. நேர்ல போயிட்டு வந்துடலாமா?"

ஹல்லுக்கு ரயிலில் போனோம். கதவைத் திறந்தது என் தோளுக்கு வரும் ஒரு சின்ன உருவம். மேலே இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு கோட்டு. மோரிஸை மேலும் கீழும் பார்த்தார்.

"டிவியில இன்னும் உயரமா இருந்தீங்க," என்றார். "சரி, வந்தது வந்துட்டீங்க. காலைத் துடைங்க. ரெண்டு காலையும்."

உள்ளே வெளியைவிடக் குளிர். அந்த அம்மாள் கேள்வியும் கேட்பார், பதிலையும் அவரே சொல்லிவிடுவார். "டீ சாப்பிடறீங்களா, சாப்பிடுவீங்க. சர்க்கரை ரெண்டா, ஒண்ணு போதும்." முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, கெட்டிலைத் துப்பாக்கி மாதிரி நீட்டிப் பிடித்து டீயை ஊற்றினார். பிஸ்கட் தட்டை மோரிஸ் பக்கம் நகர்த்தி, அவர் கை நீண்டதும் பின்னால் இழுத்தார். "வேணுமா, வேண்டாம். பல் போயிடும்."

வீடு ஏன் இப்படிச் சில்லிட்டிருக்கிறது என்று நான் கேட்டேன்.

"பாய்லர் ஓடலை. வால்ட்டர் போன அன்னியிலேர்ந்து."

"ஆளைக் கூப்பிடலையா?"

"யாரோ ஊர் பேர் தெரியாதவன் வந்து வால்ட்டரோட பாய்லரை நோண்டுவான். எனக்கு அது வேண்டாம்."

மோரிஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் பாக்கட்டுமா?"

"நீங்க நடிகர்."

"அதுக்கு முன்னாடி பத்து வருஷம் கேஸ் ஃபிட்டருங்க."

ஐவி யோசித்தார். பிறகு எழுந்துபோய் வால்ட்டரின் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். மோரிஸ் கோட்டைக் கழற்றிவிட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரிக்குள் நுழைந்தார். ஐவி டார்ச் பிடித்தார். டார்ச் பாய்லர்மேல் இருந்ததைவிட மோரிஸின் கண்ணில்தான் அதிகம் இருந்தது. ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் வால்ட்டர் துறைமுகத்தில் என்ன வேலை செய்தார், எப்படிக் குறட்டை விட்டார், கல்யாணத்தன்று மோதிரத்தை எங்கே தொலைத்தார் என்று எல்லாம் சொன்னார். மோரிஸ் "ம்" கொட்டிக்கொண்டே திருகினார். பாய்லர் ஒருமுறை இருமியது. பிறகு நீலமாகப் பற்றிக்கொண்டது.

"வந்துடுச்சு," என்றார் மோரிஸ். ஆனால் அவர் வெளியே வரவில்லை.

"என்னாச்சு?" என்றேன்.

"எந்திரிக்க முடியலை." குரல் அலமாரிக்குள்ளிருந்து சன்னமாக வந்தது. "முதுகு பிடிச்சுக்கிச்சு."

ஐவியின் கையில் டார்ச் ஆட ஆரம்பித்தது. ஐவி படியில் உட்கார்ந்துவிட்டார். வாயைக் கையால் பொத்திப் பார்த்தார், நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, கோட்டுப் பொத்தான் தெறிக்கிற மாதிரிச் சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று என்னால் சொல்ல முடியாது. நாலு காலில் நின்றுகொண்டிருந்த என் கணவர் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். ஏழு வருடமாக அந்த வார்த்தைக்கு யார் சிரித்தாலும் அவர் முகம் சுருங்கும். அன்றைக்குச் சுருங்கவில்லை. அவரும் சிரித்தார், ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு 'ஆ' என்று வலியோடு.

இருவருமாகச் சேர்ந்து அவரை வெளியே இழுத்தோம்.

திரும்பும்போது ரயிலில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வந்தார். ரயில் லீட்ஸைத் தாண்டியது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டீ சாப்பிடறியா மேவிஸ், சாப்பிடுவே," என்று காதருகே ஐவியின் குரல்.

திடுக்கிட்டுத் திரும்பினேன். மோரிஸ்தான். முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது, கையில் இல்லாத கெட்டில் நீட்டியிருந்தது. அந்த நீளமான முகத்தில் ஐவி ஸ்டோன்ஹவுஸ் முழுசாக வந்து உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் ஹம்ஃப்ரி ஸ்டானிங் காரைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். மிஸ்டர் பார்ஸ்லோ போனதிலிருந்து தொடரைப் பார்க்க ஆளில்லை. பார்க்கும் கூட்டம் பாதியாகிவிட்டது.

"ஒரு யோசனை மோரிஸ்," என்றார் என் கேக்கைத் தின்றுகொண்டே. "ஆஸ்திரேலியாவிலேர்ந்து பார்ஸ்லோவோட இரட்டைத் தம்பி வர்றான். அவனுக்கும் முதுகு வலி."

"தம்பி வேண்டாம்," என்றார் மோரிஸ். "அக்கா. ஹல்லுல இருக்கா. செத்த தம்பியோட துணிப்பெட்டியை எடுத்துட்டுப் போகலாம்னு வர்றா. வந்தவ போகலை."

ஹம்ஃப்ரி முகம் சுளித்தார். "ஆம்பளை பாவாடை கட்டிக்கிட்டு வர்றதா? கிறிஸ்துமஸ் கூத்து மாதிரி ஆயிடும். ஜனங்க..."

மோரிஸ் வாதாடவில்லை. நாற்காலியில் கிடந்த என் ஸ்வெட்டரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். முழங்கைகளை ஒடுக்கி உட்கார்ந்தார். கேக் தட்டை ஹம்ஃப்ரி பக்கம் நகர்த்தினார்.

"இன்னொரு துண்டு வேணுமா, வேண்டாம்," என்று சொல்லித் தட்டைப் பின்னால் இழுத்தார். "ஆப்பிள் திங்கறவருக்குக் கேக் எதுக்கு? மூக்கைத் துடைங்க."

ஹம்ஃப்ரியின் கை அந்தரத்தில் நின்றது. "சரிங்க மேடம்," என்று கைக்குட்டையை எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

மிஸ் பார்ஸ்லோ அந்த இலையுதிர் காலத்தில் வந்தாள். முதல் காட்சியில் அவள் நேராகச் சாப்பாட்டு மேஜைக்குப் போய், தம்பியின் இடத்தில் உட்கார்ந்து, அவனுடைய முட்டைக் கிண்ணத்தைக் கையில் எடுத்துச் சும்மா பார்ப்பாள். ஸ்டுடியோவில் ஒரு சத்தம் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவள் கிண்ணத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "டீ கிடைக்குமா, கிடைக்காது," என்பாள். கூரை பறந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மோரிஸ் சிரிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. "அந்தச் சத்தமில்லாத எட்டு வினாடி, கேட்டியா மேவிஸ்? கேட்டியா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்.

ஒரே ஒரு பயம்தான் அவரைத் தின்றது. ஐவி பார்த்துவிட்டால்? கடைசியில் மனம் பொறுக்காமல், படப்பிடிப்பு பார்க்க வரச் சொல்லி அவரே எழுதினார். ஐவி வந்தார். மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுற்றி எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்க, அவர் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. நான் மோரிஸின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

முடிந்ததும் கேன்டீனில் உட்கார்ந்தோம். மோரிஸ் ஒப்பனையைப் பாதிதான் துடைத்திருந்தார்.

"எப்படி இருந்துச்சுங்க?"

"நல்லா இருந்தது. நல்லா இல்லாட்டி பாதியில எந்திரிச்சுப் போயிருப்பேன்." ஐவி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்தப் பொம்பளை யாருன்னு நான் கண்டுபிடிச்சுட்டேன்."

மோரிஸ் சர்க்கரை போட்ட டீயில் மறுபடியும் சர்க்கரை போட்டார்.

"எங்க எதிர்வீட்டு நோரா பிக்கரிங். அச்சு அசல். கேள்வி கேட்டுட்டு எதிராளியைப் பேசவே விடமாட்டா, பதிலையும் அவளே சொல்லுவா. எனக்கு அந்தக் குணம்தான் ஆகவே ஆகாது. அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தப்ப ஜன்னல் வழியா பாத்திருக்கீங்க, அதானே. ஆமா, அதேதான். பயப்படாதீங்க, அவகிட்ட நான் மூச்சு விடமாட்டேன்."

"ரொம்ப நன்றிங்க," என்றார் மோரிஸ்.

"இன்னொரு டீ குடிக்கறீங்களா, வேண்டாம். எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

தொடர் இன்னும் நாலு வருடம் ஓடியது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஹல்லிலிருந்து ஒரு கடிதம் வந்துவிடும். நோரா இந்த வாரம் தபால்காரரை என்ன சொன்னாள், நோரா பூனைக்கு எப்படிக் குல்லாய் பின்னிப் போட்டாள் என்று பக்கம் பக்கமாக எழுதி, வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்ளவும் என்று முடித்திருப்பார். மோரிஸ் ஒரு வரி விடாமல் பயன்படுத்தினார். கடைசி வருடம் வந்த கடிதம் ஒன்றில்தான் ஐவிக்கு நல்ல கோபம். நோராவும் நம் தொடரைப் பார்க்கிறாளாம். மிஸ் பார்ஸ்லோ ஐவி ஸ்டோன்ஹவுஸேதான் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். "அவளைக் கண் டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறேன்," என்று எழுதியிருந்தார்.